உஷார்! காசு கேட்டால் அது இன்டர்ன்ஷிப் இல்லை

பல கல்லூரிகளில் செமஸ்டர் பரீட்சை இன்னும் முடியக்கூட இல்லை. அதற்குள் கல்லூரிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி வந்து விழ ஆரம்பித்துவிட்டது. “வாழ்த்துகள்! உங்கள் புரொஃபைல் தேர்வாகியிருக்கிறது. வெப் டெவலப்மென்ட், டேட்டா சயின்ஸ், ஏ.ஐ., சைபர் செக்யூரிட்டி. நான்கு வாரக் கோடைகால இன்டர்ன்ஷிப். இன்னும் 17 இடங்கள்தான் பாக்கி. பதிவுக் கட்டணம் 1,499 ரூபாய். இன்று இரவு 12 மணியோடு முடிகிறது.”

விண்ணப்பமே போடாத பிள்ளைக்குத் தேர்வாகிவிட்டதாக வாழ்த்து வருகிறது. பெற்றோரே, மாணவர்களே, எச்சரிக்கை மணி அங்கேயே அடித்துவிட்டது. தயவுசெய்து காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் இதே நாட்களில் என் அக்கா மகளுக்கு இப்படியொரு செய்தி வந்தது. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். 1,499 ரூபாயை ஜிபேயில் கட்டினாள். இரண்டு நாளில் ஆஃபர் லெட்டர் வந்தது. அதில் அவள் பெயரே தப்பாக இருந்தது. அடுத்த வாரம் ‘புராஜெக்ட் கிட்’ என்று 2,000 கேட்டார்கள். எல்லாம் முடிந்து சான்றிதழ் வர வேண்டிய நேரத்தில் ‘வெரிஃபிகேஷன் சார்ஜ்’ 750. ஆக மொத்தம் 4,249 ரூபாய். என் அக்கா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். ஒரு ஜாக்கெட்டுக்குக் கூலி 150 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், 28 ஜாக்கெட் தைத்த காசு.

எனக்கு விஷயம் தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “ஏம்மா, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?” என்றேன். “இன்டர்ன்ஷிப் கட்டாயம் மாமா. சர்டிபிகேட் வைக்கலேன்னா கிரெடிட் போயிடும். கிளாஸ்ல எல்லாரும் கட்டிட்டாங்க” என்றாள். அந்தப் பதிலில்தான் இந்த வியாபாரத்தின் வேர் இருக்கிறது.

ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் பொறியியலுக்கு மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டத்துக்கான மொத்தக் கிரெடிட்டை 160 ஆகக் குறைத்து, அதில் 14 முதல் 20 வரை இன்டர்ன்ஷிப்புக்கு ஒதுக்கச் சொன்னது. படித்து முடிப்பதற்குள் 600, 700 மணி நேரமாவது மாணவர் வெளியில் போய் வேலை பழக வேண்டும் என்பது திட்டம். நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகள், வருஷத்துக்கு லட்சத்துக்கு மேல் மாணவர்கள். அத்தனை பேரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க எந்தக் கம்பெனியில் நாற்காலி இருக்கிறது? நாற்காலி இல்லாத இடத்தில் காகிதம் விற்கிறார்கள்.

அந்த நான்கு வாரத்தில் என் அக்கா மகளுக்கு என்ன கிடைத்தது என்று உட்கார்ந்து பார்த்தேன். ஆயிரக்கணக்கானோர் அடைந்து கிடந்த ஒரு டெலிகிராம் குழு. ஒரு பி.டி.எஃப். அதில் மூன்று ‘டாஸ்க்’: ஐரிஸ் பூக்களை வகை பிரிப்பது, டைட்டானிக் கப்பலில் யார் பிழைப்பார் என்று கணிப்பது, வீட்டு விலை கணிப்பது. மூன்றுக்கும் விடை யூட்யூபில் இலவசமாகக் கிடக்கிறது. மென்டார் என்று ஒருவர் பெயர் இருந்தது, குரல் வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார்கள். ஆஃபர் லெட்டரை லிங்க்ட்இன்னில் போட்டு, கம்பெனியை டேக் செய்து, ‘இந்த வாய்ப்புக்கு நன்றி’ என்று எழுதினால்தான் சான்றிதழ். அவள் போட்ட பதிவைப் பார்த்து அவளுடைய ஜூனியர்கள் 6 பேர் காசு கட்டினார்கள். ஏமாந்த பிள்ளையையே விளம்பரப் பலகையாக நிறுத்துகிறார்கள். எனக்கு அடங்காத கோபம் இதில்தான்.

இந்தச் சான்றிதழ் வேலைக்காவது உதவுமா? உதவாது. 18 வருஷமாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். கடைசி 6 வருஷமாக ஃப்ரெஷர்களுக்கு இன்டர்வியூ எடுக்கிறேன். பத்து ரெஸ்யூமேயைப் பிரித்தால் பாதியில் ஐரிஸ் பூ இருக்கிறது. அது ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் 1936-இல் தம் கட்டுரையில் பயன்படுத்திய தரவு. மூன்று இனம், இனத்துக்கு 50 என்று மொத்தம் 150 பூக்கள். பாடம் தொடங்குவதற்கு அருமையான தரவு. ஆனால் நான் கேட்பது ஒரே கேள்வி: “இதைச் செய்யும்போது எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்?” எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம் அப்படியே வாடிவிடும். எங்கேயும் மாட்டவில்லை, ஏனென்றால் எதையும் செய்யவில்லை. அந்த முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. புத்தி இல்லாத பிள்ளைகள் அல்ல இவர்கள். ஒரு கோடையை யாரோ பிடுங்கிக்கொண்டு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

உண்மையான இன்டர்ன்ஷிப் என்ன சொல்லிக்கொடுக்கும் என்று தெரிந்தால்தான் பொய் எது என்று பிடிபடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் குழுவுக்கு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் இரண்டு மாத இன்டர்னாக வந்தான். மாதம் 8,000 ரூபாய் ஸ்டைபண்ட். முதல் வாரம் முழுக்க அவன் கம்ப்யூட்டரில் எங்கள் மென்பொருள் ஓடவே இல்லை. வேறு வெர்ஷன், வேறு பாஸ்வேர்டு, ஏதோ ஒரு ஃபைல் இல்லை. தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சோர்ந்துபோனான். எல்லோருக்கும் முதல் வாரம் அப்படித்தான் என்று அவனுக்குச் சொல்ல ஒரு சீனியர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அந்த நாற்காலிக்குத்தான் இன்டர்ன்ஷிப் என்று பெயர்.

இரண்டாம் வாரம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஒரு காய்கறி மொத்த வியாபாரி ஃபோன் செய்தார். “தம்பி, இன்னிக்கு வித்த கணக்கு நேத்துத் தேதியில நிக்குது. எவன்கிட்ட நான் கணக்குக் காட்டுறது?” புதிதாகக் கொடுத்திருந்த ஒரு ரிப்போர்ட்டில்தான் கோளாறு. இந்தப் பையனிடம் கொடுத்தோம். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். லாகுகளை வரி வரியாகப் படித்தான். நாலாம் நாள் காலையில் பிடித்துவிட்டான். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு 12-லிருந்து விடிகாலை ஐந்தரைக்குள் போட்ட பில்லெல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் விழுகிறது. பகலில் கடை நடத்துகிறவருக்கு இது தெரியவே தெரியாது. கோயம்பேட்டில் மொத்த வியாபாரம் சூடு பிடிப்பதே அந்த நேரத்தில்தான்.

அவன் திருத்தியது நான்கு வரி. அதை அனுப்பியதும் சீனியர் 11 குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார். இந்த மாறிக்கு ஏன் இந்தப் பெயர்? பழைய பில்களை என்ன செய்வாய்? இதற்கு டெஸ்ட் எங்கே? அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. இரண்டு நாள் கழித்து அவனே வந்து, “சார், பழைய பில்லைத் தொடாம விட்டிருந்தா மாசக் கணக்கே தப்பாகியிருக்கும்” என்றான். அடுத்தவர் எழுதிய நிரலைப் படிப்பது, தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்பது, நாம் எழுதியதை இன்னொருவர் குறை சொன்னால் தாங்கிக்கொள்வது, கடைசியில் ஒரு மனிதனின் கணக்கு நேராக வேண்டும் என்று நினைப்பது. இதையெல்லாம் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க முடியாது. டெலிகிராம் குழுவிலும் முடியாது. இப்போது அவனிடம் யாராவது “எங்கே மாட்டிக்கொண்டாய்?” என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவான்.

இந்த 1,499 ரூபாய் ஆட்கள் பறிப்பது அந்த அனுபவத்தைத்தான். நான்கு வருஷப் படிப்பில் ஒரு பிள்ளைக்கு மூன்று கோடை விடுமுறை. அதில் ஒன்று போனால் போனதுதான்.

ஒரு விஷயத்தில் நியாயமாகவும் இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி நிலையங்கள் உண்டு. ‘வகுப்பு’ என்று போர்டு வைத்துக் கட்டணம் வாங்கினால் அதில் தப்பே இல்லை; கற்றுத்தந்ததற்குக் கூலி. அதே வகுப்பை இன்டர்ன்ஷிப் என்று எழுதிச் சான்றிதழ் கொடுக்கும்போது அது பொய்யாகிறது. வேலை பழகும் இடத்தில் ஸ்டைபண்ட் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். பழக வருகிறவனிடம் வாங்கக் கூடாது.

இதுவரை சொன்னது சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். இதைவிடப் பெரிய குழிகள் இருக்கின்றன. அவற்றில் விழுந்த குடும்பம் எழுந்திருக்க வருஷங்கள் ஆகும்.

முதலாவது, கடன். ‘இன்டர்ன்ஷிப்பும் உண்டு, வேலைக்கும் உத்தரவாதம், பணம் இப்போது வேண்டாம், மாதத் தவணையில் கட்டலாம்’ என்பார்கள். ஆதார், பான், ஒரு செல்ஃபி, ஓடிபி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பிள்ளையின் பெயரிலோ அப்பாவின் பெயரிலோ ஒரு நிதி நிறுவனத்தில் கடன் உருவாகிவிடும். பயிற்சி பிடிக்காமல் நின்றாலும், பயிற்சி கொடுத்தவர்களே கடையை மூடிக்கொண்டு போனாலும், தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் விழும், நாளைக்குக் கல்விக்கடன் கேட்கும்போது இடிக்கும். டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் கொண்டுவந்தது. வட்டி, கட்டணம் எல்லாம் ஒரே தாளில் எழுதிக் கையில் தர வேண்டும். மனம் மாறினால் அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலக ஒரு குறுகிய அவகாசமும் தர வேண்டும். அந்த அவகாசம் மிகச் சிறியது. சந்தேகம் வந்த அன்றே கேளுங்கள்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. இதைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்தப் பத்தியை நண்பனுக்கும் படித்துக் காட்ட வேண்டும். ‘ஃபின்டெக் இன்டர்ன்ஷிப்’ என்பார்கள். உங்கள் கணக்குக்குப் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை வேறு கணக்குக்கு அனுப்பினால் போதும், பேமென்ட் சிஸ்டத்தைச் சோதிக்கிறோம் என்பார்கள். வருகிற பணம், எங்கேயோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கும். போலீஸ் பணத்தின் தடத்தைப் பிடித்து வரும்போது முதலில் நிற்பது அந்த மாணவர் வீட்டு வாசலில்தான். கணக்கு முடங்கும், வழக்கு வரும். ‘தெரியாமல் செய்தேன்’ என்று நிரூபிக்கவே ஒரு வயது போய்விடும். ஏ.டி.எம். கார்டையோ சிம்மையோ நெட்பேங்கிங் பாஸ்வேர்டையோ எந்த இன்டர்ன்ஷிப்புக்கும் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, நன்றாக நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு வைக்கிற பொறி. கட்டணம் கேட்க மாட்டார்கள். லிங்க்ட்இன்னில் ரெக்ரூட்டர் போலப் பேசி, ‘இந்தக் கோடிங் டெஸ்டை இறக்கி உங்கள் மெஷினில் ஓட்டிப் பாருங்கள்’ என்று கிட்ஹப் இணைப்பு ஒன்றைக் கொடுப்பார்கள். ஓட்டிய நொடியில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் பறிபோகும். கற்பனையாகச் சொல்லவில்லை. பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2023 நவம்பரில் இப்படி ஒரு வலையை அம்பலப்படுத்தியது. வேலை தேடும் நிரலாளர்களைக் குறிவைத்த அந்த வேலையின் பின்னால் வட கொரியாவோடு தொடர்புள்ள ஆட்கள் இருந்ததாகச் சொன்னது. அறிமுகமில்லாதவர் கொடுக்கும் நிரலை அப்பாவின் வங்கிக் கணக்கு திறக்கிற அதே லேப்டாப்பில் ஓட்டாதீர்கள்.

வெளிநாட்டு ஆசை காட்டுகிறவர்களும் உண்டு. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் அடைத்துவைத்து இணைய மோசடி செய்யவைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குக் கூப்பிட்டால் விமானம் ஏறாதீர்கள்.

பெற்றோர் பலர் ஏமாறுவது முத்திரைகளைப் பார்த்து. ஆஃபர் லெட்டரின் அடியில் ஐ.எஸ்.ஓ., எம்.எஸ்.எம்.இ., ஏ.ஐ.சி.டி.இ. என்று வரிசையாகச் சின்னங்கள் இருக்கும். ‘கவர்ன்மென்ட் சீல் இருக்குதே’ என்று என் அக்காவே சொன்னாள். ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அதைக் கொடுப்பது வேறு சான்றளிப்பு நிறுவனங்கள். எம்.எஸ்.எம்.இ. பதிவு என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் ஆதார் எண்ணோடு தாமே விவரம் கொடுத்து, கட்டணமின்றி எடுக்கிற பதிவு. பெட்டிக்கடைக்கும் கிடைக்கும். கற்றுத்தரும் தரத்துக்கு அது அத்தாட்சி ஆகாது. ஏ.ஐ.சி.டி.இ. சின்னத்தை யார் வேண்டுமானாலும் படமாக ஒட்டலாம். கம்பெனி உண்மையா என்று பார்க்க மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எப்போது தொடங்கினார்கள், இயக்குநர்கள் யார் என்று வரும். பெயர் அங்கே இருப்பதாலேயே நல்லவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போட்டுக்கொண்டு அங்கே இல்லவே இல்லையென்றால் அந்த நிமிஷமே கதவைச் சாத்துங்கள்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தின் பெயரைச் சொல்லியும் காசு கேட்கலாம். 2024-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. போகிறவருக்கு அரசு உதவித்தொகை தருகிறது. தொடங்கியபோது, முழுநேரமாகக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு அது பொருந்தாது என்று விதி இருந்தது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரவு 11 மணிக்கு ‘வீடியோ இன்டர்வியூ’, ஹெச்.ஆர். என்ற பெயரில் தனிப்பட்ட கேள்விகள், அலுவலகம் இல்லாமல் ஹோட்டலில் சந்திப்பு என்றால் உடனே விலகிவிடுங்கள். உண்மையான கம்பெனியிலேயே தொல்லை வந்தாலும் ‘நான் வெறும் இன்டர்ன்தானே’ என்று வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியில் இருப்பவர்களையும், சம்பளம் வாங்காதவர்களையும் சேர்த்தே காக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அது இல்லாத சின்ன அலுவலகம் என்றால் மாவட்ட அளவில் குழு இருக்கிறது. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள்.

அப்படியானால் நல்ல கதவு எங்கே? இருக்கிறது. ஆனால் மே மாதம் தேடினால் பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் கோடைகால ஃபெலோஷிப், இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை, ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸீ கோடை ஃபெலோஷிப், 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் போன்றவற்றுக்கெல்லாம் கோடைக்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் உங்களுக்குத்தான் பணம் வரும். தேதி தவறியவர்கள்தான் கடைசி நேரப் பதற்றத்தில் 17 இடக்காரர்களிடம் போய் மாட்டுகிறார்கள்.

இந்த வருஷம் தவறிவிட்டதா? உங்கள் ஊரிலேயே பாருங்கள். பில்லிங் மென்பொருள் எழுதும் சின்ன கம்பெனி இருக்கும். மில்லில், ஆஸ்பத்திரியில், கூட்டுறவுச் சங்கத்தில் கணினிப் பிரிவு இருக்கும். நேரில் போய், ‘நாலு வாரம் கூட இருந்து வேலை பார்க்கிறேன் சார்’ என்று கேளுங்கள். பத்து இடத்தில் இல்லை என்பார்கள், ஒரு இடத்தில் உட்கார் என்பார்கள். என் அக்கா மகளை இந்த வருஷம் அப்படித்தான் அனுப்பியிருக்கிறோம். ஐந்து பேர் வேலை செய்யும் மாடி அலுவலகம், ஸ்டைபண்ட் கிடையாது. மூன்றாம் நாள் ஃபோன் செய்து, “மாமா, ஒரு குவெரி 40 செகண்ட் எடுக்குது, ஏன்னு தெரியல மாமா” என்றாள். அந்தக் குரலில் இருந்த தவிப்பு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

கல்லூரி பிளேஸ்மென்ட் அதிகாரிகளையும் துறைத் தலைவர்களையும் கைகூப்பிக் கேட்கிறேன். சான்றிதழைக் கோப்பில் சேர்க்கும் முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன செய்தாய், யார் சொல்லிக்கொடுத்தார் என்று பத்து நிமிஷம் கேளுங்கள். உங்கள் கல்லூரி ஒப்பந்தம் போட்ட கம்பெனியே மாணவரிடம் காசு வாங்கினால் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் காகிதத்தை மட்டும் கேட்கிற வரைக்கும் காகிதம் விற்கிறவன் கடையை மூட மாட்டான்.

ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் கைமாறுவதற்கு முன் முடக்க வாய்ப்பு உண்டு. செய்திகள், பணம் கட்டிய ரசீது, யு.பி.ஐ. எண் எதையும் அழிக்காதீர்கள். ‘பாதியில் நின்றால் 25,000 அபராதம், வக்கீல் நோட்டீஸ் வரும்’ என்று மிரட்டினால் பயந்துபோய் மறுபடி பணம் அனுப்பாதீர்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் வசதியில்லாதவர்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம்.

இன்று இரவு 12 மணிக்குள் கட்டச் சொல்லி உங்கள் பிள்ளைக்குச் செய்தி வந்திருந்தால், 12 மணி கடக்கும்வரை ஃபோனைக் கீழே வைத்துவிடுங்கள். நாளைக் காலை அதே செய்தி மறுபடி வரும். அப்போதும் அதில் 17 இடங்கள் பாக்கி இருக்கும்.